கைதிகளை வீடு சேர்த்த போர்க்கப்பல்

யுத்தக் கப்பல்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அவை எத்தனை பகைக் கப்பல்களை மூழ்கடித்தன, எத்தனை குண்டுகளைப் பொழிந்தன, எத்தனை அடிகளைத் தாங்கின என்று கணக்கிட்டு அவற்றின் பெருமையை நிறுப்பது உலக வழக்கம். அக்கணக்கு பொய்யன்று, ஆயினும் முழுக் கணக்குமன்று. செலவை மட்டும் பதிந்து வரவைப் பதியாது மூடிவைத்த பேரேட்டைப் போல, அழித்தவற்றை மட்டும் எழுதிக் காத்தவற்றை எழுதாது விட்ட சரித்திரம் குறையுடையதே. பிரிட்டிஷ் கடற்படையில் ‘பார்மிடபிள்’ என்றொரு விமானந்தாங்கிக் கப்பல் இருந்தது. அஞ்சத்தக்கது என்பது அப்பெயரின் பொருள். போர்க்காலத்தில் அக்கப்பல் செய்த வேலை யாது, போர் ஓய்ந்தபின் செய்த வேலை யாது, அவ்விரண்டாவது வேலை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழராகிய நமக்குக் கற்பிப்பது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

வட அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்ட் நகரில், ஹார்லண்ட்-வுல்ப் கம்பெனியாரின் கப்பல் கட்டும் துறையில், 1937-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இக்கப்பலின் வேலை தொடங்கிற்று. 1939-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் நாள், அதாவது ஐரோப்பாவில் போர் மூள்வதற்கு இரு வாரங்களுக்குச் சற்று முன்னர், அதனை நீரில் இறக்கும் வைபவம் ஏற்பாடாகியிருந்தது. பிரிட்டிஷ் மந்திரிகளுள் ஒருவரான சர் கிங்ஸ்லி வுட் என்பாரின் மனைவியார் பெயர் சூட்டி இறக்குவதாக இருந்தது. ஆனால் குறித்த நேரம் வருமுன்னரே கப்பலைத் தாங்கி நின்ற மரத்தொட்டில் முறிந்தது; கப்பல் தானே சரிந்து கடலை நோக்கி ஓடிற்று. சிதறிய மரங்களால் பார்க்க வந்திருந்த பெண்மணி ஒருவர் உயிர் இழந்தார், பலர் காயமுற்றனர். இத்தகைய நிகழ்ச்சி நம்மவர் நடுவில் நேர்ந்திருப்பின், சகுனம் பார்ப்போர் வாளா இருந்திருப்பரோ? பிறந்த அன்றே உயிர்ப்பலி கொண்ட கப்பல் உருப்படாது என்று சாதித்திருப்பர்; சாந்தி கழிக்கப் பணமும் கேட்டிருப்பர். அறிவுடையோர் முறிந்த மரத்தைப் பார்த்தனர், காரணத்தை அறிந்தனர், மேற்கொண்டு வேலையைத் தொடர்ந்தனர். அபசகுனக் கப்பல் போர் முழுவதும் மிதந்து கரை சேர்ந்தது என்பதைச் சரித்திரம் காட்டும்.

விமானந்தாங்கி என்பது மிதக்கும் விமான நிலையமாம். மேலே நீண்ட தட்டையான தளம். விமானங்கள் அதனின்றும் எழும்பி அதன்மீதே வந்திறங்கும். அத்தளத்தின் கீழே விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் பெரிய கொட்டில். மேலும் கீழும் விமானங்களை ஏற்றியிறக்க இயந்திர மேடைகள். பார்மிடபிள் 23,000 டன் எடையும் 740 அடி நீளமும் உடையது. அதன் கொட்டில் மட்டும் 450 அடிக்கு மேற்பட்ட நீளமும் 62 அடி அகலமும் 16 அடி உயரமும் கொண்டது. இக்கொட்டிலின் அளவை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அது வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டதைக் காண்போம். இவ்வகைக் கப்பலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அமெரிக்க விமானந்தாங்கிகளின் மேற்றளம் மரப்பலகையால் ஆனது. இதற்கோ மூன்று அங்குல எஃகுக் கவசம் அமைத்திருந்தனர். அக்கவசத்தின் பாரத்தை ஈடு செய்ய, ஏற்றும் விமானங்களின் தொகையை முதலில் 36 ஆகக் குறைத்தனர். தாக்கும் வலிமையைச் சிறிது விட்டுக்கொடுத்துத் தாங்கும் வலிமையைப் பெற்றனர் என்பது இதன் கருத்து.

1940-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் கப்பல் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அடுத்த ஜனவரியில் மத்தியதரைக் கடலில் ‘இல்லஸ்டிரியஸ்’ என்னும் உடன்பிறப்புக் கப்பல் ஜெர்மானிய விமானங்களால் கடுமையாகத் தாக்குண்டு செயலற்றதும், அதன் இடத்தை நிரப்பப் பார்மிடபிள் அனுப்பப்பட்டது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செங்கடல் வழியே வந்து, வழியில் இத்தாலியர் வசமிருந்த மசாவா துறைமுகத்தைத் தாக்கி, சூயஸ் கால்வாயைக் கடந்து அலெக்சாந்திரியாவை அடைந்தது. 1941-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், கிரீஸ் தேசத்துக்குத் தெற்கே மாட்டபான் முனைக்கு அருகில் இத்தாலியக் கடற்படையுடன் பெரும் போர் நிகழ்ந்தது. பார்மிடபிளின் விமானங்கள் ‘விட்டோரியோ வெனட்டோ’ என்னும் பெரிய போர்க்கப்பலை டார்ப்பிடோவால் தாக்கி அதன் வேகத்தைக் குறைத்தன. அத்தாக்குதலை நடத்திய விமானத் தலைவரும் அவருடன் சென்ற இருவரும் மாண்டனர். மாலையில் மற்றொரு தாக்குதலில் ‘போலா’ என்னும் கப்பல் அசைவற்று நின்றது. அதற்கு உதவத் திரும்பி வந்த ‘சாரா’, ‘பியூமே’ என்னும் கப்பல்களை இரவின் இருளில் அட்மிரல் கன்னிங்ஹாமின் போர்க்கப்பல்கள் சில நிமிடங்களில் நொறுக்கின. மூன்று பெரிய கப்பல்களும் இரு சிறு கப்பல்களும் மூழ்கின. இத்தாலியர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர்.

மறுநாட் காலையில் நடந்ததை வீரக் கதை கூறுவோர் விரைந்து கடந்து செல்வர். நாம் அங்கே சற்று நிற்போம். நீரில் தத்தளித்த பகைவரைப் பிரிட்டிஷ் கப்பல்கள் பல நூற்றுக்கணக்கில் தூக்கிக் காத்தன. ஜெர்மானிய விமானங்கள் தலைகாட்டியபின் அங்கே தங்குதல் அபாயமாயிற்று. கப்பல்கள் அகன்றன. ஆயினும் எஞ்சியோர் மிதக்கும் இடம் இன்னதென்று கன்னிங்ஹாம் பகைநாட்டின் கடற்படைத் தலைமைக்கே கம்பியில்லாத் தந்தி கொடுத்தார். அதன்படி ‘கிராடிஸ்கா’ என்னும் இத்தாலிய மருத்துவக் கப்பல் வந்து ஏறத்தாழ 160 பேரை உயிருடன் மீட்டது. கொல்லும் தொழிலின் நடுவிலும் மனிதன் மனிதனாகவே இருத்தல் கூடும் என்பதற்கு இஃதொரு சான்று. இடம் இன்னதென்று அறிந்தோர் அறியாதோர்க்கு அறிவித்தமையாலன்றோ அந்த 160 உயிர்களும் பிழைத்தன?

இரண்டு மாதங்களுக்குப்பின் பார்மிடபிளுக்கே அடி விழுந்தது. 1941 மே 26-இல் ஸ்கார்ப்பாண்டோ தீவின் விமான நிலையத்தைத் தாக்கித் திரும்புகையில், ஜெர்மானிய விமானங்கள் இரு பெருங்குண்டுகளை அதன்மீது போட்டன. பன்னிருவர் மாண்டனர். கப்பல் தள்ளாடி அலெக்சாந்திரியா சேர்ந்து, பின் அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்திலுள்ள நார்போக் துறைமுகத்தில் ஆண்டின் இறுதிவரை பழுது பார்க்கப்பட்டது.

அது மீண்டும் கடலேறிய காலத்தில் கீழ்த்திசையில் உலகம் தலைகீழாயிருந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. கீழைக் கடற்படைக்குத் தலைவரான அட்மிரல் சோமர்வில்லின் கீழ்ப் பணிபுரியப் பார்மிடபிள் இந்து மகா சமுத்திரத்துக்கு வந்தது. ஏப்ரல் 5-இல் கொழும்பும் 9-இல் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களால் தாக்குண்டன. ‘ஹெர்மஸ்’ என்னும் விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அருகே மூழ்கிற்று. சென்னைப் பட்டணத்து மக்கள் அச்சத்தால் ஊர் விட்டு ஊர் ஓடிய நாட்கள் அவை. வலிமையில் குன்றிய பிரிட்டிஷ் கடற்படை ஜப்பானியப் பெருங்கப்பற் கூட்டத்தை நேருக்கு நேர் சந்திக்காமலே ஒதுங்கிற்று. சிங்கப்பூரில் சிறைப்பட்டோர் அப்பொழுது எதிர்பார்த்திருந்த கப்பல் எதுவும் வரவில்லை. அவர்கள் மேலும் மூன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

பின்னர் வட ஆப்பிரிக்கப் படையிறக்கத்திலும், சிசிலித் தீவிலும், சலெர்னோவிலும், 1944-இல் நார்வேக் கரையில் ‘டிர்பிட்ஸ்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலைத் தாக்கியதிலும் பார்மிடபிள் பங்கு கொண்டது. 1945 ஏப்ரலில் பசிபிக் கடற்படையில் சேர்ந்தது. அங்கேதான் எஃகுத் தளத்தின் பயன் விளங்கிற்று. மே 4-இல் ஜப்பானியத் தற்கொலை விமானமொன்று மேற்றளத்தில் வந்து மோதி வெடித்தது. எண்மர் மாண்டனர், ஐம்பதின்மர் வரை காயமுற்றனர். தளத்தில் இரண்டடி அகலத் துளை விழுந்து, எஃகுச் சில்லொன்று கீழே கொதிகலன் அறைவரை துளைத்துச் சென்றது. மாலுமிகள் விரைவில் இறுகும் சிமெண்டையும் எஃகுத் தகடுகளையும் கொண்டு துளையை அடைத்தனர். அன்று மாலையிலேயே விமானங்கள் அத்தளத்தில் இறங்கின. மே 9-இல் மற்றொரு தற்கொலை விமானம் மோதிற்று, அதனையும் தாங்கிற்று. இவற்றினும் பெரிய சேதம் மே 18-இல் தன் கையாலேயே விளைந்தது. கொட்டிலில் நின்ற விமானமொன்றின் துப்பாக்கி தவறுதலாக வெடிக்க, பற்றிய தீயில் முப்பது விமானங்கள் வரை பாழாயின. பகைவனுக்கு மூன்று அங்குல எஃகு போதும். கவனக்குறைவுக்கு எந்த எஃகும் போதாது.

கப்பல் பழுது நீங்கி ஜப்பானியக் கரையோரத்துக்குத் திரும்பிற்று. 1945 ஆகஸ்ட் 9-இல், நாகசாகியில் அணுகுண்டு வீழ்ந்த அதே நாளில், பார்மிடபிளிலிருந்து சென்ற கனடா நாட்டு விமானி ராபர்ட் ஹாம்ப்டன் கிரே, ஒனகாவா விரிகுடாவில் ஒரு ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்துத் தாமும் மாண்டார். அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. ஆறு நாட்களில் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. ஆகஸ்ட் மாத இறுதிக்குள் பார்மிடபிள் சிட்னித் துறைமுகம் சேர்ந்தது. இத்துடன் அதன் போர்ச்சேவை முடிந்தது. நாம் கூற வந்த சேவை இனித்தான் தொடங்குகிறது.

ஜப்பானியர் கையில் சிக்கியிருந்த கைதிகள் ஒரு நாட்டில் இருந்தாரில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பிடிபட்டோர் சயாம், பர்மா, போர்னியோ, கொரியா, ஜப்பான், நியூகினி எனப் பல திசைகளுக்கும் வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சரக்குக் கப்பல்களின் அடியறைகளில் நிமிர்ந்து நிற்கவும் இடமின்றி அடைக்கப்பட்டு, குடிநீருக்குத் தவித்து, நோயுற்றோர் நோயுற்ற இடத்திலேயே கிடந்து அவர்கள் சென்ற பிரயாணத்தை நினைத்தாலும் நெஞ்சு நடுங்கும். கைதிகள் உள்ளிருப்பதைக் காட்டும் குறியெதுவும் அக்கப்பல்களில் இல்லாமையால் நேசநாட்டு நீர்மூழ்கிகளே அவற்றைத் தாக்கின. 1944 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து 1,300-க்கு மேற்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளுடன் சென்ற ‘ரக்குயோ மாரு’ அவ்வாறே மூழ்கி, அவர்களுள் ஆயிரவருக்கு மேல் மாண்டனர். சயாம் ரயில் பாதையில் உழைத்துப் பிழைத்தவர்கள் அவர்கள். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆஸ்திரேலியர் ஏறத்தாழ 22,000 பேரில் 8,000 பேர் வரை உயிருடன் திரும்பவில்லை.

போர் முடிந்ததும் இவர்களை வீடு சேர்ப்பதற்குப் பிரயாணிக் கப்பல்கள் போதவில்லை. பல போரில் மூழ்கியிருந்தன. விமானந்தாங்கிகளுக்கோ வேலை இல்லை. அவை விரைந்து செல்வன. மருத்துவ அறையும், ரொட்டி சுடும் அடுப்பும், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரமும் உடையன. விமானங்களை இறக்கிவிட்டால் கொட்டில் முழுவதும் ஒரே பெரிய கூடமாகும். எனவே விமானங்கள் கரையேறின, கட்டில்கள் கப்பலேறின. செப்டம்பர் 3-ஆம் நாள் ‘ஸ்பீக்கர்’ என்னும் சிறிய விமானந்தாங்கி, விடுதலை பெற்ற கைதிகளை ஏற்றிக்கொண்டு டோக்கியோ விரிகுடாவைவிட்டுப் புறப்பட்டபோது, சுற்றிலும் நங்கூரமிட்டிருந்த நேசநாட்டுக் கப்பல்களின் மாலுமிகள் அனைவரும் தளங்களில் திரண்டு நின்று ஆரவாரம் செய்தனர். ஜப்பானிலும் கொரியாவிலும் மீட்கப்பட்டோர் கப்பலிலும் விமானத்திலுமாக மணிலா நகரத்துக்குக் கொணரப்பட்டு, அங்கு அமெரிக்கர் அமைத்த முகாம்களில் உணவும் உடையும் மருத்துவமும் பெற்றனர். அங்கிருந்து ‘குளோரி’, ‘இம்பிளேக்கபிள்’ என்னும் விமானந்தாங்கிகள் பலரைக் கனடாவுக்குக் கொண்டு சென்றன. பார்மிடபிள் ஆஸ்திரேலியர் ஆயிரவருக்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு அக்டோபர் 13-இல் சிட்னி சேர்ந்தது. ஐந்து மாதங்களுக்கு முன்னர்த் தீயில் வெந்த அதே கொட்டிலில், எலும்பும் தோலுமாய்ச் சிறை மீண்டவர்கள் அச்சமின்றி உறங்கி வந்தார்கள்.

இனி ஒரு கேள்வி. திசைதோறும் சிதறிக் கிடந்த இம்மக்களை இத்துணை விரைவில் தேடிக் கண்டுபிடித்தது எவ்வாறு? கப்பல் வலிது, ஆனால் கப்பலுக்கு முன்னே சென்றது ஒரு பெயர்ப்பட்டியல். சிங்கப்பூரில் சாங்கி முகாமில் கைதிகளே ‘பதிவு விசாரணை நிலையம்’ ஒன்றை நடத்தினர். யார் எந்தப் படையினர், எந்த நாளில் எந்தக் கோஷ்டியுடன் எங்கே அனுப்பப்பட்டார், யார் மாண்டார் என்பவற்றைக் கிடைத்த தாளில் விடாது எழுதி வைத்தனர். சயாம் ரயில் பாதையிலும் அவ்வாறே மாண்டோர் பெயரும் புதைத்த இடமும் எழுதி மறைத்து வைக்கப்பட்டன. போர் முடிந்த சில வாரங்களில் கல்லறை தேடும் குழுவொன்று அப்பாதை நெடுகச் சென்றது. 144 இடுகாடுகளில் இருந்த 10,549 கல்லறைகளுள் 52 தவிர மற்றவை யாவும் கண்டுபிடிக்கப்பட்டன. காட்டிலும் வெள்ளத்திலும் ஈராண்டு கிடந்த குழிகள் அவை. பேனாவும் தாளும் செய்த இவ்வேலையைப் பீரங்கி செய்யுமா?

பட்டியலின் மகிமை, அது மறுக்கப்பட்ட இடத்தில் இன்னும் தெளிவாக விளங்கும். நியூகினிக்கு அருகே நியூபிரிட்டன் என்னும் தீவில் ரபாவுல் என்றொரு துறைமுகம் உண்டு. தென் பசிபிக்கில் ஜப்பானியரின் பெருங்கோட்டை அதுவே. 1945 செப்டம்பர் 6-ஆம் நாள், மேலே கூறிய ‘குளோரி’ கப்பலின் மேற்றளத்தில் ஜப்பானிய ஜெனரல் இமாமுரா ஆஸ்திரேலிய ஜெனரல் ஸ்டர்டியிடம் சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். ஆஸ்திரேலியப் படை கரையேறியபோது அங்கே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கண்டது. சிங்கப்பூரில் சரணடைந்த இந்தியப் படையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அப்படையினருள் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். பலர் சேர மறுத்தனர். இருதிறத்தாருள் எவரையும் இகழ்வது நமது கருத்தன்று. சேர மறுத்தோரில் பல்லாயிரவர் 1943-இல் கூலிக் கூட்டங்களாகத் தென்கடல் தீவுகளுக்கு அனுப்பப்பட்டு, பசியாலும் நோயாலும் அடியாலும் பெருந்தொகையாய் மடிந்தனர்.

இவர்களுக்கு இழைத்த கொடுமைகளைப் பற்றி வினவியபோது ஜப்பானியர் கூறிய விடை யாது? இவர்கள் யுத்தக் கைதிகளே அல்லர். எமது சேனையின் தொழிலாளர் என்றனர். கைதி என்னும் பெயரை நீக்கித் தொழிலாளி என்னும் பெயரை எழுதிவிட்டால், உடன்படிக்கையும் இல்லை, உரிமையும் இல்லை, கேட்பாரும் இல்லை! 1946 ஜனவரியில் சிங்கப்பூரில் நடந்த முதல் போர்க்குற்ற வழக்கே இதனைப் பற்றியதுதான். சிங்கப்பூரிலிருந்து பலாவு தீவுகளுக்குக் கொண்டு செல்லப்பட்ட இந்தியக் கைதிகளைத் துன்புறுத்தியதாகக் கேப்டன் கோசாவா சடாய்ச்சியும் அவருடன் ஒன்பதின்மரும் குற்றஞ் சாட்டப்பட்டனர். அங்கும் அதே வாதம் எழுந்தது. நீதிமன்றம் அதற்குச் செவி சாய்க்கவில்லை. குற்றவாளிகள் தண்டனை பெற்றனர். ரபாவுலில் இருந்த சிப்பாய்களோ, சிட்னியில் ஆஸ்திரேலியரை இறக்கிவிட்டு வந்த பார்மிடபிளைக் கண்டனர். ஆயிரவருக்கு மேற்பட்டோரை அது ஏற்றிச் சென்று பம்பாய்த் துறைமுகத்தில் சேர்த்தது. வெள்ளையரை ஏற்றிய அதே கொட்டிலில் இந்தியரும் ஏறினர். படைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருந்தமையாலேயே அஃது இயன்றது.

பெயர் இல்லாதோர் கதி யாது? இங்கேதான் அன்பர்களே, நமது நெஞ்சு கனக்கிறது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதையில் நேசநாட்டுக் கைதிகள் அறுபதினாயிரவருக்கு மேல் உழைத்தனர். பன்னீராயிரவருக்கு மேல் மாண்டனர். அதே பாதைக்கு மலாயாவிலிருந்து மட்டும் எழுபத்தையாயிரவருக்கு மேற்பட்ட தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களின் தமிழர். கூலி உண்டு, சில மாதங்களில் திரும்பலாம் என்று ஆசை காட்டியும், வழியில் பிடித்து லாரியில் ஏற்றியும் கொண்டு சென்றனர். காலரா அவர்களைக் கூட்டங் கூட்டமாக வாரிற்று. கைதிகளுக்கு அவர்களுடைய மருத்துவர் இருந்தனர், அதிகாரிகள் இருந்தனர், பெயர் எழுதுவோர் இருந்தனர். தோட்டத் தமிழனுக்கு ஒருவரும் இல்லை. காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. அவற்றுள் ஏறத்தாழ ஏழாயிரம் உண்டு. மாண்ட தமிழனுக்கு மண் உண்டு, பெயர் இல்லை. போர் முடிந்தபின் உயிர் எஞ்சியோரும் பல மாதங்கள் காத்துக் கிடந்தே ஊர் திரும்பினர். மலாயாத் தொழிலாளர் எத்தனை பேர் மாண்டனர் என்பதற்கு இன்றளவும் மதிப்பீடுகள் உண்டே தவிரப் பட்டியல் இல்லை.

தோட்டத்தில் பெயர் எழுதும் பழக்கமே இல்லாமற் போயிற்றோ என்று எவரும் ஐயுற வேண்டா. நாமும் தோட்டத்தில் கணக்கெழுதுவோரே. ஆதலின் அதனை அறிவோம். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணாத தோட்டம் இல்லை. செக்ரோலில் ஒரு நாள் வேலையும் தவறாமல் பதியாத தோட்டமும் இல்லை. எவன் வேலைக்கு வரவில்லை, எவன் கணக்கில் எவ்வளவு கடன், எவனுக்கு எவ்வளவு பிடித்தம் என்பவை காசளவும் பிசகாமல் எழுதப்பட்டன. கூலி கணக்கிடுவதற்கு அவன் பெயர் வேண்டியிருந்தது. அவன் போன பிறகு தேடுவதற்கு அப்பெயர் எவருக்கும் வேண்டியிருக்கவில்லை. அவன் உழைப்பு ஏட்டில் ஏறிற்று, உயிர் ஏறவில்லை.

இதனை விதி என்பார் நம்மிடையே இன்றும் பலர் உளர். அவனவன் தலையெழுத்து என்று பெருமூச்சு விட்டு அமைவர். அது தவறு. ஒருவனைத் தேடிக் கப்பல் வந்ததும், மற்றொருவனைத் தேடி ஒரு தோணியும் வராததும், பிரமன் மண்டையில் எழுதியதால் அன்று. மனிதர் தாளில் எழுதியதாலும் எழுதாததாலுமே. அக்கப்பலைச் செலுத்தியோர் கருணையற்றோர் அல்லர். எவருடைய பெயர் தங்களிடம் கொடுக்கப்பட்டதோ அவர்களைத் தேடி அவர்கள் வந்தார்கள். நமது பெயரைக் கொடுப்பார் எவரும் இருந்திலர். நாமும் ஒன்றுகூடி அதனைக் கொடுக்கத்தக்க நிலையில் இருந்தோமில்லை. கல்வி இல்லை, சங்கம் இல்லை, சாதிக்கொரு மூலையாய்ப் பிரிந்து கிடந்தோம்.

ஆதலின் இன்று நாம் செய்யத்தக்கது யாது? சயாமுக்குப் போனவரின் மக்களும் பேரரும் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். போனவர் பெயர் யாது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, உடன் போனவர் எவர், திரும்பினாரா என்னும் ஐந்து கேள்விகளை ஊர்தோறும் உள்ள வாசகசாலையும் தமிழ்ச் சங்கமும் பள்ளி ஆசிரியரும் வீடு வீடாய்ச் சென்று கேட்டு எழுதலாம். திதி கொடுத்துப் பிண்டம் வைப்பதைக் காட்டிலும் அப்பெயரை அச்சேற்றுவதே மாண்டவர்க்குச் செய்யும் மெய்யான கடன். இஃது இறந்தோர் காரியம் மட்டுமன்று. பிறப்புப் பத்திரமின்றிப் பள்ளி வாயிலில் தயங்கி நிற்கும் பிள்ளையும், இங்கேயே பிறந்து இங்கேயே நரைத்தும் குடியுரிமைப் பத்திரமில்லாத முதியவரும் மலேசியத் தமிழரிடையே இன்னும் உளர். திருமணத்தைப் பதியாமலும் பிள்ளையின் பிறப்பைப் பதியாமலும் காலங் கடத்துவோர், ஆபத்துக் காலத்தில் தேடுவாரற்ற மக்களைத் தம் கையாலேயே உண்டாக்குகின்றனர். ஜாதகம் எழுதச் செலவிடும் காசில் ஒரு பகுதியையும் பொழுதில் ஒரு பகுதியையும் பதிவு அலுவலகத்துக்குச் செலவிட்டால் போதும்.

பார்மிடபிள் 1947-இல் சேவையிலிருந்து விலக்கப்பட்டது. போர்க்காலத்தில் பட்ட அடிகளால் அதன் உடல் பழுதாகியிருந்தமையின் மீண்டும் புதுப்பிக்கப்படவில்லை. 1953-இல் ஸ்காட்லாந்தின் இன்வர்கீத்திங் துறையில் உடைக்கப்படுவதற்கு விற்கப்பட்டது. தற்கொலை விமானங்களைத் தாங்கிய அந்த எஃகுத் தளமும், சிறை மீண்டோர் உறங்கிய அந்தக் கொட்டிலும் இன்று இல்லை. அதில் ஏறி வீடு சேர்ந்தவர்களின் பெயர்களோ அவரவர் நாட்டுப் படைப் பதிவேடுகளில் இருக்கின்றன. எஃகைக் காட்டிலும் தாள் நெடுநாள் வாழ்கிறது. நம்மவர் பெயரைத் தாங்கிய தாள் எங்கே என்று நாளை நம் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் கேட்குமுன் நாம் எழுதத் தொடங்குவோமாக.